நீலகிரித் தைலம்: அளவறிந்து பயன்படுத்துக

மார்கழிக் குளிரில் வைகறையிலேயே நீராடி ஆலயம் செல்லும் பெரியோர் இல்லங்களில் நீலகிரித் தைலம் இல்லாதிருப்பது அரிது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய யூகலிப்டஸ் மரம் 1843-இல் நீலகிரிக்கு வந்தது. அதன் இலைகளை நீராவியில் வடித்தெடுப்பதே இத்தைலம்; ஆதலின் வீரியம் மிகுதி.

இதனைத் தனியே தோலில் தேய்த்தல் ஆகாது. இரண்டு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் நான்கு துளி கலந்து மார்பிலும் முதுகிலும் தடவினாற் போதும். ஆஸ்துமா, வலிப்பு நோய் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

சளி பிடித்த பேரக்குழந்தையின் மூக்கருகே அன்பினால் தடவுவோர் உண்டு. அது மூச்சுத் திணறலில் முடியக்கூடும். ஒரு தேக்கரண்டி உள்ளே சென்றாலே குழந்தைக்கு நினைவு தப்பலாம், வலிப்பும் வரலாம். கற்கண்டெனக் கருதி வாயிலிடும் சூடமும் அவ்வாறே. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எரியும் குத்துவிளக்கினின்று குழந்தையைக் காப்பது போலவே, தைலப் புட்டியையும் சூடப் பெட்டியையும் எட்டாத உயரத்தில் வைத்தல் இல்லத்துப் பெரியோர் கடன்.