கட்டுத்தரை ஓரம் ஒரு குழாய்!



கன்னுக்குட்டி கழிஞ்சா "பால் கூடிப்போச்சு" என்கிறோம். கைக்குழந்தைக்கு வயித்தால போனா "பல்லு முளைக்குது" என்கிறோம். இரண்டுக்குமே ரோட்டா வைரஸ் காரணமாக இருக்கலாமே!

பெங்களூரில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த ஐ321 என்ற ரோட்டா வைரஸை 1990-களில் ஆராய்ந்தார்கள். அதன் 11 மரபணுத் துண்டுகளில் 9 மாட்டு வைரஸினுடையவை! அந்தக் குழந்தைகளுக்கு நோயில்லை. ஆனால் வேலூரில் அதே வகை வைரஸ் பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தந்தது.

அதற்காக மாட்டை விற்கச் சொல்லவில்லை. தறியோடு மாடும் சேர்ந்துதான் எடப்பாடியில் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது.

சாணி அள்ளுவதும் பிள்ளையைத் தூக்குவதும் பெரும்பாலும் ஒரே தாயின் கை. "கையைக் கழுவு" என்று அவருக்கு உபதேசம் செய்தால் போதுமா? தண்ணீர் எங்கே இருக்கிறது? பாலிடெக்னிக்கில் படிக்கும் நாம் கட்டுத்தரை ஓரம் ஒரு குழாய் போட்டு, சோப்பும் வைத்துத் தரக்கூடாதா?

கூடவே, 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு இலவசமாகத் தரும் ரோட்டா சொட்டு மருந்தையும் வீட்டில் நினைவூட்டுங்கள்.

படித்த படிப்பு முதலில் நம்ம வீட்டுக்கு உதவட்டும்!