துள்ளினால் முழங்கால் போய்விடுமா?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். யூலண்டில் நாங்கள் இருக்கும் சின்ன நகரத்தின் விளையாட்டு மண்டபம். மகளை ஏற்றிவரப் போன நான் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு தாழ்ந்த மரப்பெட்டியிலிருந்து கீழே குதிக்கிறார்கள். கால் தரையில் பட்டதும் பாதாதுமாக உடனே மேலே துள்ளுகிறார்கள். திரும்பவும் பெட்டி, திரும்பவும் துள்ளல். ஹான்ட்போல் பழக அனுப்பிய இடத்தில் பந்தையே காணவில்லை.

காரில் வைத்தே சொல்லிவிட்டேன்: "உந்தத் துள்ளல் வேலை உமக்கு வேண்டாம் பிள்ளை. முழங்கால் தேஞ்சு போகும்." அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தாயிடம் பாதி டெனிஷிலும் பாதி தமிழிலும் சொல்லி அழுதாள். இரண்டு மாதம் செவ்வாய்க்கிழமைகளில் அவளை நான் அனுப்பவில்லை.

உண்மையைச் சொன்னால் முழங்கால் மட்டும் காரணமில்லை. பெட்டைப்பிள்ளை, வளர்ந்துவிட்டாள், சோதனை வருகுது, சனம் என்ன சொல்லும் என்று எல்லாம் உள்ளே இருந்தது. வெளியில் சொல்லச் சுகமான காரணம் முழங்கால். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பல வீடுகளில் இதே கதை நடக்கிறபடியால் எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சிக்குப் பெயர் பிளையோமெட்ரிக். 1960களில் சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி உயரத்திலிருந்து குதித்து உடனே மேலே பாயும் முறையை ஒழுங்காக வகுத்தார். பிளையோமெட்ரிக் என்ற பெயரை 1975இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பிரெட் வில்ட்.

உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சின்ன வயதில் கெற்றப்போல் அடித்தவர்களுக்கு விளங்கும். றப்பரை இழுத்த கையோடு விட்டால் கல் பறக்கும். காலிலும் அப்படித்தான். தரையில் இறங்கும்போது தசையும் தசைநாணும் இழுபடுகின்றன. அந்த நொடியிலேயே சுருங்கினால், இழுபட்டதில் சேர்ந்த சக்தியும் சேர்ந்து ஆளை மேலே தூக்கும். கீழே இறங்கி ஆறுதலாக நின்றுவிட்டுத் துள்ளினால் அந்தச் சக்தி வெப்பமாகப் போய்விடும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு அவசரமாகத் துள்ளினார்கள். பயிற்சி தசையைப் பெருப்பிக்க மட்டும் அல்ல, நரம்பு தசையை வேகமாக எழுப்பப் பழக்கவும்தான்.

இந்த வேகத்தை அளந்து காட்டியவர்களில் முக்கியமான ஒருவர் டென்மார்க்காரர், பெர் ஓகோர். 2002இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு விளையாட்டுத் துறையில் பேர்போனது. ஒரு தசை தன் முழுப் பலத்துக்கும் வர 0.3 விநாடிக்கு மேல் வேண்டும். ஓடும்போதோ பாயும்போதோ கிடைப்பது 0.05 தொடக்கம் 0.25 விநாடிதான். ஆகவே எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு கெதியாக வருகிறது என்பதே கேள்வி. அவர்கள் பார்த்தது பாரமான எடைப் பயிற்சியை. 14 கிழமைகளில் அந்த வேகம் கூடியது. துள்ளல் பயிற்சி குறிவைப்பதும் இதே இடத்தைத்தான்.

சரி, எவ்வளவு பலன்? 2007இல் 26 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரணமாகக் குனிந்து துள்ளும் உயரம் சராசரியாக 8.7 சதவீதம் கூடியிருந்தது. சும்மா 40 சென்ரிமீற்றர் துள்ளும் பிள்ளைக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர். மாயம் ஒன்றுமில்லை. ஆனால் தடுக்க நீட்டிய கைக்கு மேலால் பந்து போக அதுவே சிலவேளை காணும். 2019, 2021, 2023, 2025 என்று நான்கு முறை தொடர்ந்து ஆண்கள் உலகக் கிண்ணம் எடுத்த நாடு இது. இங்கே ஹான்ட்போல் பழகும் பிள்ளைகள் துள்ளாமல் வேறென்ன செய்வார்கள்?

என்னை அசைத்தது வேறொரு தகவல். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14 கூடியது. அது அக்காலத்தில் வாழ்ந்தவர்களின் உடம்பிலும் சேர்ந்தது. இதைத் தடயமாக வைத்து, இறந்தவர்களின் குதிக்கால் நாணைக் கோப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த நாணின் நடுப்பகுதி ஏறக்குறையப் பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. பிறகு அது பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. வளர்ந்தவர்களும் பயிற்சியால் நாணைப் பலப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனாலும் அடித்தளம் போடும் வயது பதின்மூன்று, பதினான்கு. எங்கட ஆக்கள் பிள்ளைகளை, அதுவும் பெட்டைகளை, விளையாட்டிலிருந்து இறக்கி வீட்டில் வைக்கும் வயதும் சரியாக அதுதான்.

முழங்கால் பயம் முற்றிலும் பொய் இல்லை. முழங்கால் சிரட்டைக்குக் கீழே வரும் நாண் நோவு, துள்ளுபவர்களுக்கு அடிக்கடி வருவது. ஹான்ட்போலில் முழங்கால் சவ்வு கிழிவது பெண் பிள்ளைகளுக்கே அதிகம். ஆனால் அந்தக் கிழிவைக் குறைக்கும் பயிற்சிகளில் முக்கியமானது, சரியாக இறங்கப் பழகுவதுதான். பிரச்சினை துள்ளலில் இல்லை, அளவில் இருக்கிறது. தொடக்கநிலையில் ஒரு பயிற்சிக்கு கால் தரையில் படுவது 80 தொடக்கம் 100 தடவை போதும் என்பார்கள். கிழமைக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. முழங்கால் உள்ளே மடங்குகிறதா என்று பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். யூடியூப் பார்த்து மேசையிலிருந்து குதிக்கும் பொடியளுக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

ஒரு விசயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அரங்கேற்றம் என்றால் அதே வயதுப் பிள்ளை வெறுங்காலோடு கடுமையான தரையில் இரண்டரை மணித்தியாலம் தட்டியும் குதித்தும் ஆடுகிறாள். மண்டபத்துக்கும் சேலைக்கும் வீடியோவுக்கும் காசு கொட்டுகிறோம். அவளுடைய முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு நடனத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் இந்த இறங்கும் பயிற்சி தேவை. நடன ஆசிரியைகள் இதை யோசித்தால் நல்லது.

துள்ளல் எங்களுக்கு அந்நியமும் இல்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தை எடுத்தார். அதற்கு முன்னரே 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றினவர். பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றார். 'விளையாடினால் படிப்புப் போகும்' என்று சொல்லுகிறவர்களுக்கு அவரை ஞாபகப்படுத்துவது என் வழக்கம். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து நானே மகளை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பயிற்றுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த இளம்பெண் சிரித்துவிட்டு, "முதல் மாதம் நாங்கள் மேலே போகப் பழக்குவதில்லை, கீழே வரத்தான் பழக்குகிறோம்" என்றாள். சத்தமில்லாமல் இறங்குகிறவர்தான் அடுத்த பெட்டிக்குப் போகலாமாம்.

மகளுக்கு இப்போது பதினாறு. போன கிழமை வீட்டு விறாந்தையில் என்னையும் ஒரு படியிலிருந்து குதிக்க வைத்தாள். இரண்டாவது தரமும் தலையை ஆட்டினாள்.

"சத்தம் கேட்குது அப்பா. திரும்ப ஏறுங்கோ."