யானை வாங்கினோம், அங்குசத்துக்குக் காசில்லை!



மலருக்கு ஏதாவது எழுதுடா என்று யூனியனில் கேட்டதும், 'நட்பு', 'தன்னம்பிக்கை' என்று ஒரு பக்கம் நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது கபடி. அதிலும் என்னை இரண்டு வருஷமாய் உறுத்திக்கொண்டிருப்பது கபடியில் புழங்கும் காசு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கேன்டீனில் பார்த்துத் திட்டுங்கள்!

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கல் வந்தால் கபடி. இரண்டு வருஷத்துக்கு முன் வீடு வீடாய்ப் போய் வசூல் செய்ததில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சேர்ந்தது. "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு ரெய்டரைக் கூப்பிட்டோம். அவருக்கு ஐயாயிரம். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன்.

மீதி ஏழாயிரத்தில் நுழைவுக் கட்டணம், வேன், சாப்பாடு, ஜெர்சி. பிடிக்கிற பையன்களுக்கு முழங்கால் உறை வாங்கக் காசில்லை. அண்ணன் பாடிப் போனால் புள்ளியோடுதான் திரும்புவார், அதில் குறையே இல்லை. ஆனால் அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்துவிட்டால், எதிரணியில் ஒருத்தனைப் பிடித்து அவரை உள்ளே கொண்டுவர எங்களிடம் ஆள் இல்லை. இரண்டாவது ரவுண்டிலேயே மூட்டை கட்டினோம். யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதை!

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கோடிகளில் புரளுகிற புரோ கபடியிலும் இதேதான் நடந்தது. அங்கே ஒவ்வொரு அணியும் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 'பர்ஸ்' என்பார்கள். 2022-இல் அது 4.4 கோடி ரூபாய். அந்த வருஷ ஏலத்தில் நம்ம தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை. பர்ஸில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. மற்ற அத்தனை பேரும் மீதி 2.14 கோடிக்குள்.

என்ன ஆயிற்று? அக்டோபரில் குஜராத்தோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் அதற்கு மேல் ஆடவே இல்லை. அவ்வளவுதான், தலைவாஸ் முடிந்தது என்று டீக்கடையில் எல்லாரும் தீர்ப்பு எழுதினோம். நானும்தான்! ஆனால் அது வரை கடைசி இடங்களிலேயே கிடந்த அணி, அந்த வருஷம்தான் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. முதல் சீசன் ஆட வந்த நரேந்தர் என்ற பையன் இருநூறுக்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். சாகர், சாஹில், மோஹித் என்று பிடிக்கிறவர்கள் சுவர் மாதிரி நின்றார்கள். புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில்தான் தோற்றார்கள்.

அடுத்த வருஷம் தலைவாஸ் பவனை விடுவித்தார்கள். "பைத்தியக்காரத்தனம்" என்று என் ரூம்மேட் கத்தினான். 2023 அக்டோபர் ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. பர்ஸ் அப்போது 5 கோடி. மறுபடியும் பாதிக்கு மேல்! அந்த சீசனில் டைட்டன்ஸ் ஆடியது 22 ஆட்டம், ஜெயித்தது இரண்டு. கடைசி இடம்.

அப்படியானால் பவன் மோசமான ஆட்டக்காரரா? அதே அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா கபடித் தங்கம் வாங்கியபோது கேப்டனே அவர்தான், ஐயா! ஆட்டக்காரன் தங்கம். அணிதான் தகரம். ஏன்? கபடி ஏழு பேர் ஆட்டம். ஒருவருக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. அது கார்னரில் நிற்கிறவனின் பங்கு, கவரில் நிற்கிறவனின் பங்கு.

"அப்போ ஸ்டாரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே 2023 ஏலத்தில் புனேரி பல்தான் ஈரான் வீரர் ஷாட்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தார்கள். அவர்கள் கோப்பையே ஜெயித்தார்கள். வித்தியாசம் எங்கே? அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் என்று இளம் பையன்களை ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தார்கள். அங்குசம் கையில் இருந்தது, பிறகு யானை வாங்கினார்கள். வரிசை முக்கியம், நண்பர்களே!

அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இந்த வித்தை இன்னும் கறாரானது. அங்கே ஒப்பந்தம் போட்டால் பெரும்பாலும் முழுச் சம்பளமும் கொடுத்தே ஆக வேண்டும். விளையாட்டு சரியில்லை என்று சும்மா அனுப்பிவிட்டால் அந்தக் கணக்கு அணியின் தலையிலேயே இருக்கும். ஆகவே அவரை வேறு அணிக்கு 'டிரேட்' செய்கிறார்கள். வாங்குகிற அணி லேசில் ஒத்துக்கொள்ளாது, ஆளோடு சேர்த்து வருங்காலத்தில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் கேட்கும். லேக்கர்ஸ் அணியில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் ஒரு சீசன் சம்பளம் 47 மில்லியன் டாலர். 2023 பிப்ரவரியில் அப்படித்தான் அவரை யூட்டாவுக்கு அனுப்பி, அந்த ஒரு சம்பளத்தின் இடத்தில் மூன்று ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். பட்டியலில் கீழே கிடந்த அணி, மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது. வெஸ்ட்புரூக் யார்? ஒரு காலத்தில் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர்!

நம்ம ஊருக்கு வருவோம். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு டிரேட் செய்தபோது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாதிப் பேர் முகம் செத்துப்போயிருந்தது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்த கை அது. 18 கோடியாக இருந்த அவர் சம்பளம் 14 கோடியாக இறங்கியது. அவரோடு சாம் கரனையும் கொடுத்துவிட்டு, 18 கோடி சம்பளத்தோடு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். கணக்கு என்னவோ சரியாக இருக்கலாம். ஆனால் கணக்கு சரியாக இருப்பதும் மனசு வலிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊரில் கூட்டம் போட்டபோது, "அண்ணன் வேண்டாம், அந்த ஐயாயிரத்தில் நம்ம பசங்களுக்கு ஒரு மாசம் முட்டையும் பாலும், முழங்கால் உறையும் வாங்குவோம்" என்று சொன்னவன் நான்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அரையிறுதிக்கும் போனோம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் திண்டிவனம் பஸ்ஸுக்காக விழுப்புரத்தில் நின்றபோது அண்ணனைப் பார்த்தேன். சிரித்தபடிதான் பேசினார். "ஏன்டா தம்பி, அஞ்சாயிரம் வேணும்னு நான் கேட்டனா? நீங்கதான சொன்னீங்க. வேணாம்னா வேணாம், அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? உங்க ஊருக்குத்தான் ஆடணும்னு வேற ரெண்டு டீமை வேணாம்னுட்டு வீட்ல உக்காந்திருந்தேன்டா."

நண்பர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. அவரை வேண்டாம் என்று முடிவு செய்யத் தெரிந்த எங்களுக்கு, அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும் வரை அந்தச் சிரிப்புதான் கண் முன்னால்.

ஆகவே என் கட்சி இதுதான். கொடுக்கிற காசு அணியின் முதுகை ஒடிக்கிறது என்றால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விடத்தான் வேண்டும். அதில் தாட்சண்யம் பார்த்தால் மற்ற ஆறு பேருக்குத் துரோகம். ஆனால் விடுகிறபோது 'தண்டம்', 'வேஸ்ட்' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த விலையை வைத்தது ஏலம் கேட்டவன், ஆடினவன் அல்ல. பவனைப் பாருங்கள். 2.26 கோடி, 2.605 கோடி, 2024-இல் 1.725 கோடி, 2025-இல் மறுபடி தலைவாஸுக்கே 59.5 லட்சம். மூன்று வருஷத்தில் நான்கு விலை, ஆள் ஒருத்தர்தான்!

இதை நம் பாலிடெக்னிக்குக்கும் சொல்கிறேன். நம் விளையாட்டு நிதியும் ஒரு பர்ஸ்தான். ஒரு ஸ்டாருக்கு ஷூவும் பயணப்படியும் கொடுத்துவிட்டு மற்றவர்களை வெறுங்காலோடு இறக்காதீர்கள். யாரை அணியிலிருந்து எடுத்தாலும், நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவதற்கு முன் கேப்டன் அவனை நேரில் கூப்பிட்டுச் சொல்லட்டும். ஐந்து நிமிஷ வேலை!

நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் நமக்கும் ஒரு விலை வைக்கப் போகிறார்கள். ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் குறைய. ஒரு நாள் நம்மையும் "கணக்கு ஒத்துவரலை" என்று யாராவது விடலாம். அன்றைக்கு நமக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ, அப்படி இன்று மற்றவனுக்குச் சொல்வோம்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆடுவதற்கு அல்ல. பசங்களுக்கு இரண்டு நாள் பாடிப் போகச் சொல்லிக் கொடுக்க. "பஸ் காசு மட்டும் குடுங்கடா" என்றார்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்