வண்டி யாருடையது, வாய் யாருடையது?

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இரவு ஷிப்டு முடிந்து வந்து உட்காரும் காண்டிராக்ட் தொழிலாளர்களின் கையில் இப்போது பத்திரிகையைக் காண்பது அரிது. போன் இருக்கிறது. போனில் ஒருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறார். ஸ்டியரிங் எப்படி, ஏ.சி. எப்படி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மேற்கூரைக் கண்ணாடி திறக்குமா, திறக்காதா என்று விலாவாரியாகச் சொல்கிறார். கேட்பவரின் தினக்கூலிக்கும் அந்தக் காரின் விலைக்கும் உள்ள தூரம் நெய்வேலிக்கும் டில்லிக்கும் உள்ள தூரம். ஆனாலும் ரசித்துக் கேட்கிறார்கள். அதைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. உழைத்துக் களைத்தவன் நல்ல இயந்திரம் ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தவறென்ன?

நமது கேள்வி வேறு. இந்தக் கார் யூடியூபர்கள் ஆரம்பத்தில் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுகிறார்கள். கூட்டம் சேர்ந்த பிறகும் அப்படியே பேச முடியுமா? ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்தும் ஜனங்களின் அபிமானமும் குறையாமல், வாயில் உண்மையும் குறையாமல் இருக்குமா?

இது வேலையற்றவர் கேள்வி என்று நினைக்கும் தோழர்கள் நமக்குத் தெரிந்த இந்தச் சம்பவத்தைக் கேட்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒரு கிராமத்து விவசாயி. நஷ்டஈடாகக் கொஞ்சம் பணம் வந்தது. நிலம் போன பிறகு அந்தப் பணத்தை வைத்து எதைப் பிடித்துப் பிழைப்பது என்று குடும்பமே விழித்துக்கொண்டிருந்தது. மகன்தான் வழி சொன்னான்.

“யப்பா, இந்த ஏழு சீட்டு வண்டிய வாங்குனா வாடகைக்கு ஓட்டலாம். லிட்டருக்கு இருவது கிலோமீட்டருக்கு மேல குடுக்குதாம்.”

“யார்ரா சொன்னது?”

“யூடியூப்ல ஒரு அண்ணன் சொன்னாரு. அவரு பொய் சொல்ல மாட்டாருப்பா.”

நஷ்டஈட்டுப் பணம் முன்பணமாகப் போயிற்று. மீதி பைனான்ஸ். வண்டி லிட்டருக்குப் பதினான்கைத் தாண்டவில்லை. முதல் வருஷத்திலேயே இரண்டு தடவை கிளட்ச் மாற்ற வேண்டி வந்தது. மூன்று தவணை நின்றதும் பைனான்ஸ்காரன் விடியற்காலையில் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிலமும் இல்லை, வண்டியும் இல்லை. சில மாதம் கழித்து அதே அண்ணன் வேறொரு கம்பெனியின் காரைக் காட்டி, “பழைய வண்டியில் இருந்த கிளட்ச் தொல்லை இதில் இல்லை” என்று பேசியதை அந்தப் பையன் போனில் பார்த்தான். இந்தத் தொல்லை அவருக்கு முன்னமே தெரிந்திருந்ததா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த அண்ணன் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு எதைப் பார்க்கக் கொடுத்தார்கள் என்பதே விஷயம். புதுக் கார் வெளிவரும்போது கம்பெனி இவர்களை அழைக்கிறது. பயணச் செலவும் பெரிய ஓட்டலில் தங்கும் செலவும் கம்பெனியுடையது. ஓட்டக் கொடுக்கும் வண்டி பெரும்பாலும் இருப்பதிலேயே விலை கூடிய மாடல். கழுவித் துடைத்து, மெக்கானிக் காது வைத்துக் கேட்டு, சரிபார்த்து நிறுத்தியது. பாதையையும் கம்பெனியே பொறுக்கி வைத்திருக்கும். அரை நாளோ ஒரு நாளோ ஓட்டலாம். இத்தனை தேதி, இத்தனை மணிக்கு முன் ஒருவரும் வீடியோ போடக் கூடாது என்று கட்டுப்பாடும் உண்டு. அந்த மணி அடித்ததும் ஐம்பது சேனலில் ஐம்பது பேர் ஒரே காரைப் பற்றி ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்வதைப் பார்க்கலாம். கட்டுப்பாட்டை மீறினாலோ, “இந்த வண்டியை வாங்காதீர்கள்” என்று பட்டென்று சொல்லிவிட்டாலோ அடுத்த காருக்கு அழைப்பு வருமா என்ற பயம் நெஞ்சில் இருக்கும். வராவிட்டால் வீடியோ இல்லை. வீடியோ இல்லாவிட்டால் கூட்டம் இல்லை.

சித்திரை வெயிலில் சாம்பல் லாரிக்குப் பின்னால் மந்தாரக்குப்பம் சாலையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் எப்படி ஓடும் என்பது அரை நாளில் எப்படித் தெரியும்? அதற்கு மூன்று வருஷம் வேண்டும். மூன்று வருஷம் ஒரே காரை வைத்திருப்பவனுக்கு வாரம் ஒரு புது வீடியோ போட முடியாது.

இனி வரும்படிக் கணக்கைப் பார்ப்போம். வயலில் நிற்கும் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். யூடியூப் என்பது கூகுள் கம்பெனியின் நிலம். 2006-ல் 165 கோடி டாலருக்கு அதை வாங்கினார்கள். வீடியோ போடுகிறவர் அதில் வாரக் குத்தகைதாரர். குறைந்தது 1,000 சப்ஸ்கிரைபர் சேர்ந்து, ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருந்தால் நீள வீடியோவின் விளம்பரப் பணத்தில் பங்கு உண்டு. அதிலும் அவருக்கு 55 சதவீதம், கூகுளுக்கு 45. தஞ்சையிலும் கடலூரிலும் செங்கொடியின் கீழ் நடந்த குத்தகைப் போராட்டங்களுக்குப் பின், 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம் நஞ்சையில் நிலச்சுவான்தாருக்கு 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. பிறகு அது 25 ஆகக் குறைந்தது. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பண்ணையார் 1956-ன் மிராசுதாரைவிட அதிகம் அளந்துகொண்டு போகிறார். எந்த வீடியோவை யார் கண்ணில் காட்டுவது என்பதும் அவர் இஷ்டம். இந்த வாரம் கூட்டத்தைக் காட்டுவார், அடுத்த வாரம் காரணம் சொல்லாமல் கதவை மூடுவார். பண்ணையாரின் படியை நம்பி வாழ முடியாத குத்தகைதாரர் கார் கம்பெனியின் வாசலில் போய் நிற்கிறார். நமக்கு அவர் மேல் கோபத்தைவிட அனுதாபமே அதிகம்.

கூட்டத்தின் பசியும் சாமானியமல்ல. நேற்றுப் பார்த்ததைவிட இன்று ஒரு படி மேலே வேண்டும். கோவைப் பக்கத்து இளைஞர் டி.டி.எப். வாசன் மோட்டார் சைக்கிள் பயணத்தைக் காட்டி லட்சக்கணக்கான பிள்ளைகளை ஈர்த்தார். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் விபத்து. முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்றார் என்று வழக்குப் போட்டுப் போலீஸ் அவரைக் கைது செய்தது. லைசென்ஸ் 10 வருஷத்துக்கு முடக்கப்பட்டது. அதே வருஷம் மே மாதத்தில் டேராடூன்காரரான அகஸ்தய் சௌகான் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுக் காட்டப் போனார். யமுனா விரைவுச் சாலையில் உயிரையே விட்டார். கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். ஆனால் ஒவ்வொரு பத்து கிலோமீட்டர் வேகத்துக்கும் எத்தனை பேர் கூடுதலாகப் பார்த்தார்கள் என்று எண்ணி, அந்தக் கண்களை விளம்பரக்காரனுக்கு விற்ற கம்பெனியை எந்தப் போலீஸ் கைது செய்தது?

எல்லோரும் இப்படித்தானா என்றால், இல்லை. ஜார்க்கண்டில் ஜாம்தாரா ஊரைச் சேர்ந்த ராஜேஷ் ரவானி 25 வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். ஓடும் வழியில் லாரியிலேயே சமைத்துச் சாப்பிடுவதையும் சாலையின் கஷ்டத்தையும் அப்படியே படம் பிடித்துப் போட்டார். 2024-ல் அவருக்கு 15 லட்சம் சப்ஸ்கிரைபர்கள். லாரி ஓட்டி மாதம் 25,000, 30,000 ரூபாய் சம்பாதித்த தனக்கு யூடியூபில் மாதம் 4, 5 லட்சம் வருகிறது என்று அவரே பேட்டியில் சொன்னார். சொந்த வீடு கட்டினார். லாரியை விடவில்லை. மஹிந்திரா முதலாளி ஆனந்த் மஹிந்திரா கூட அவரை மெச்சி எழுதினார், இந்த வயதிலும் புதிய தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டாரே என்று. கால் நூற்றாண்டு லாரி ஓட்டியும் ஒரு மனிதன் வீடு கட்ட யூடியூப் வர வேண்டியிருந்ததே, அது ஏன் என்று லாரி செய்து விற்கும் முதலாளி கேட்கவில்லை. போகட்டும்.

ரவானியின் பேச்சில் ஏன் மணம் இருக்கிறது? அவருக்குச் சொந்தமாக ஒரு தொழில் இருந்தது. காண்பிப்பதற்காக அவர் லாரி ஓட்டவில்லை. ஓட்டுகிற லாரியைக் காண்பித்தார். யூடியூப் நாளையே நின்றாலும் ஸ்டியரிங் கையில் இருந்தது. வாய் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் வயிறு வேறிடத்தில் நிறைய வேண்டும். நாளை ஒரு லாரி கம்பெனியோ டயர் கம்பெனியோ பெரும் தொகையோடு அவர் வாசலில் நிற்கும்போது என்ன ஆகும் என்று அவருடைய நல்ல குணத்தை மட்டும் நம்பி நாம் ஜோசியம் சொல்ல மாட்டோம்.

சர்க்காரிடம் சட்டம் இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு வாய் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. பணம் மட்டுமல்ல, இலவசப் பயணம், ஓட்டல் தங்கல் வாங்கினாலும் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் வழிகாட்டு விதியும் வந்தது. அந்தத் தெளிவு எத்தனை வீடியோவில் எறும்பு எழுத்தில் மூலையில் ஒளிந்திருக்கிறது என்று வாசகர்களே பார்க்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாணயமான யூடியூபர் கூடக் காரின் கதவு இடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பாரே தவிர, அந்தக் கதவை மாட்டியவனின் கூலியை அளக்க மாட்டார். 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. 2022 மே இறுதியில் நியாயமான நஷ்டஈடு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் கார் சேனல்களில் நாம் கேட்டது என்ன? உதிரி பாகம் கிடைக்குமா, பழைய எக்கோஸ்போர்ட்டை இப்போது வாங்கலாமா என்பதே. வாங்கியவனுக்கு அது அவசியமான கேள்விதான். அது மட்டுமே கேள்வியா?

இரண்டையும் சேர்த்துக் கேட்ட ஒரு அமைப்பு உலகத்தில் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் பொருள்களைப் பரிசோதித்துச் சொல்லும் ஒரு நிறுவனம், சங்கம் வைத்த தன் ஊழியர்களையே வேலைநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் வெடித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் 1936-ல் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்று தனியாக ஆரம்பித்தார்கள். தொடக்க கால இதழ்களில் சாமான் எப்படி என்பதோடு, அதைச் செய்த தொழிற்சாலையில் தொழிலாளி நிலை எப்படி என்றும் எழுதினார்கள். விடுவார்களா? அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி அவர்களைத் தேசவிரோதப் பட்டியலில் சேர்த்தது. 1954-ல்தான் நீக்கியது. அந்த அமைப்பு இன்றும் கார் கம்பெனி விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் காரைச் சாதாரண ஆள்போல் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. 1988-ல் சுசுகி கம்பெனியின் ஒரு ஜீப் திருப்பத்தில் கவிழும் என்று எழுதினார்கள். கம்பெனி 1996-ல் வழக்குப் போட்டது. 2004-ல் ஒரு காசும் வாங்காமல் சமரசத்துக்கு வந்தது. இத்தனை காலம் தாக்குப்பிடித்தது எந்த ஒரு மனிதரின் கவர்ச்சியாலும் அல்ல. படிப்பவர்கள் சந்தா கொடுத்தார்கள், அதனால் நின்றது.

நெய்வேலித் தோழர்களுக்கு இது புதிதா? சோவியத் உதவியோடு அமைந்த முதல் அனல் மின் நிலையத்தில் 1962-ல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2020-ல்தான் அந்த நிலையம் மூடப்பட்டது. எந்தத் தாங்கி எந்த மாதத்தில் சூடேறும், எந்தக் குழாய் எப்போது கசியும் என்று அங்கே முப்பது வருஷம் வேலை செய்த பிட்டருக்குத் தெரியும். அவரிடம் கேட்டு யாரும் வீடியோ எடுக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவனும், வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் பட்டறை வைத்திருப்பவனும் அப்படித்தான். எந்தக் காரில் எது எப்போது போகும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

வண்டியைப் பறிகொடுத்த அந்தப் பையன் இப்போது வேறொருவர் காருக்கு ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி இருந்த பதினெட்டு மாதமும் போட்ட டீசல், ஓடிய தூரம், பட்டறைச் செலவு எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டைப் போன வாரம் நம் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த இதழிலிருந்து அதை அப்படியே அச்சிடப் போகிறோம். டாக்ஸி, வேன், லோடு ஆட்டோ ஓட்டும் தோழர்கள் தங்கள் கணக்கையும் அனுப்பட்டும். வண்டியின் மாடல், வாங்கிய வருஷம், ஓடிய கிலோமீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த ரூபாய். போஸ்ட் கார்டு போதும்.