நீலப் பாப்பியும் புது வித்தும்

தோட்டக்கலையில் ஈடுபாடுடையோர் பேராவலுடன் தேடிப் பெற்று, மிக விரைவில் இழந்துவிடும் செடிகளுள் இமாலய நீலப் பாப்பி முதன்மையானது. தெளிந்த வானத்தின் நிறத்தையொத்த அதன் அகன்ற இதழ்களையும், அவற்றின் நடுவே திரண்டு நிற்கும் பொன்னிறக் கேசரங்களையும் ஒரு முறை கண்டவர்கள், அதனைத் தம் வீட்டுத் தோட்டத்திலும் காண விரும்புவது இயல்பே. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, கனடாவின் கடலோரப் பகுதிகள் முதலிய குளிர்ந்த இடங்களில் வருஷந்தோறும் பலர் அதன் வித்தை வாங்கி விதைக்கின்றனர். அவர்களுள் அநேகர் முளையைக் காணாமலோ, முளைத்த நாற்றைக் காப்பாற்ற இயலாமலோ சோர்வுற்று, "இது சாமானியருக்கு வாய்க்கும் செடியன்று" என்று முடிவு செய்துவிடுகின்றனர். இம்முடிவு சரியன்று. ஏற்ற சீதோஷ்ணமுள்ள இடத்தில் இச்செடி தவறிப்போவதற்கு, அதன் பிடிவாதத்தைக் காட்டிலும் வித்தின் பழமையும் வளர்ப்போரின் அவசரமுமே பெரிதும் காரணமாகும். புது வித்தைத் தாமே சேகரித்து வருஷந்தோறும் விதைக்கும் பழக்கம் பரவினாலன்றி, இம்மலர் வீட்டுத் தோட்டங்களில் நிலைபெறாது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ரொட்டிக் கடைகளில் "நீலப் பாப்பி வித்து" என்று வழங்குவது வேறு. இம்மலரின் வித்து வேறு. முன்னது தமிழர் சமையலில் வழங்கும் கசகசாவின் கருநீல வகை. அபினிச் செடியின் வித்தேயாகும். அச்செடியை இந்தியாவில் அரசாங்க உத்தரவின்றிப் பயிரிடுவது 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். பின்னது மெகனாப்ஸிஸ் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்த மலர்ச்செடி. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்காது. பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் செடி பூத்த பின்னரே ஏமாற்றத்தை அறிவர். ஆதலின் வாங்கும்பொழுதே தாவரவியற் பெயரையும், வித்து எடுத்த வருஷத்தையும் கேட்டறிதல் அவசியம். முதல் முயற்சிக்கு ஏற்றது "மெகனாப்ஸிஸ் பெய்லியி" என்னும் இனமாகும். பழைய புத்தகங்களில் இது "பெடனிசிபோலியா" என்ற பெயரிலும் காணப்படும்.

இச்செடி தோட்டங்களுக்கு வந்த வரலாறே வித்தின் பெருமையை விளக்கப் போதுமானது. 1913-ம் வருஷத்தில் பெய்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி தென்கிழக்குத் திபேத்தில் இதனைக் கண்டு, பூவைப் பறித்துப் பாடம் செய்து அனுப்பினார். உலர்ந்த பூவினால் தோட்டக்காரருக்குப் பயன் ஒன்றும் விளையவில்லை. 1924-ம் வருஷத்தில் பிராங்க் கிங்டன் வார்டு என்னும் தாவர ஆராய்ச்சியாளர் அப்பிரதேசத்திற்குச் சென்று, காய் முற்றிய இலையுதிர் காலத்தில் வித்தைச் சேகரித்தார். அவ்வித்தினின்று எழுந்த செடிகள் 1926-ல் பிரிட்டனில் மலர்ந்து யாவரையும் வியப்பில் ஆழ்த்தின. அதே வருஷத்தில் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் எல்ஸி ரெபோர்டு அம்மையார் தொடங்கிய மெட்டீஸ் தோட்டத்தில், பிற்காலத்தில் நீலப் பாப்பி செழித்து வளர்ந்து அத்தோட்டத்தின் சின்னமாகவே ஆயிற்று. பதினொரு வருஷங்களாகக் காகிதத்தில் ஒட்டிய மாதிரியாக மட்டும் இருந்த ஒரு மலரை உயிருள்ள செடியாக்கியது, தக்க பருவத்தில் எடுத்த ஒரு பிடி வித்தேயன்றி வேறன்று.

இதன் தாயகத்தின் தன்மையை அறிந்தால் சாகுபடி முறை தானே விளங்கும். அம்மலைச் சாரல்களில் கோடை முழுவதும் மழையும் மூடுபனியும் உண்டு. குளிர்காலத்தில் செடி வெண்பனியின் கீழ் உறங்கிக் கிடக்கும். ஆகவே கோடையில் வேர் காயலாகாது. குளிர்காலத்தில் நீர் தேங்கலாகாது. இலைமக்கு நிறைந்து, சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், மரங்களின் ஊடே வடிந்து வரும் வெயிலும் இதற்கு ஏற்றவை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடி நலிவதுடன் பூவின் நிறமும் ஊதாவாகத் திரிந்துவிடுவதுண்டு.

வித்தைப் பற்றிய செய்தி யாவற்றிலும் முக்கியமானது. நீலப் பாப்பியின் வித்துக்கு ஆயுள் குறைவு. கடையின் வெதுவெதுப்பில் மாதக்கணக்காகக் கிடந்த வித்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும். முளைக்கும் சக்தியோ போயிருக்கும். புது வித்தையும் ஈரமில்லாமல் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். குளிர்காலத்தின் இறுதியில், பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில், ஆழமற்ற தட்டில் பொடியாகச் சலித்த மண்ணை நிரப்பி, நனைத்து, வித்தை மேலே தூவ வேண்டும். முளைப்பதற்கு வெளிச்சம் உதவுமாதலால் ஆழப் புதைத்தல் கூடாது. பருமணலை மிக மெல்லிதாகத் தூவினால் போதும். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த இடமே தக்கது. வெப்பம் மிகுந்தால் விரைவில் முளைக்கும் என்று எண்ணித் தட்டை அனலருகே வைப்பவர்கள் வித்தைத் தாமே கெடுத்தவர்களாவர். மேலே நீரை ஊற்றாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்வது நன்று. முளை தோன்ற இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும்; சில சமயம் அதனினும் தாமதமாகும்.

முளைத்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. நெருங்கி நிற்கும் நாற்றுகளைக் காற்றோட்டமின்றி மூடி வைத்தால் நாற்றழுகல் நோய் ஓர் இரவில் தட்டு முழுவதையும் அழித்துவிடும். ஆகவே அடர்த்தியாக விதைத்தலைத் தவிர்த்து, முளை கண்டவுடன் மூடியை அகற்ற வேண்டும். நாற்றுகள் இரண்டு அல்லது மூன்று உண்மை இலைகள் விட்டபின், வேர் அறாமல் பெயர்த்துத் தனித்தனிச் சட்டிகளில் வைத்து, நிழலில் ஈரம் குறையாமல் வளர்த்து, வேர் நன்கு பிடித்தபின் தோட்டத்தில் நடலாம். பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழி இச்செடிக்கு முற்றிலும் பொருந்தும்.

முதல் மொட்டைக் கிள்ளிவிடுவது பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரே இலைக்கொத்துடன் நிற்கும் இளஞ்செடி பூத்துக் காய்த்தால் அதனோடு மாண்டுபோகக் கூடும். மொட்டைக் கிள்ளினால் பக்கக் கிளைப்புகள் விட்டுப் பல வருஷம் வாழும் என்பர் ஒரு சாரார். செடியின் ஆயுள் அதன் பிறவிக் குணமேயன்றிக் கிள்ளுவதால் மாறாது என்பர் மற்றொரு சாரார். ஒரு வருஷத்துப் பூவை இழப்பது சிறிய நஷ்டம். செடியையே இழப்பது பெரிய நஷ்டம். ஆதலின் இளஞ்செடியில் கிள்ளுவதே விவேகமாகும். பல கிளைப்புகளுடன் வலுத்த செடியிலோ, ஒன்றிரண்டு காய்களை மட்டும் முற்ற விட்டு, மற்றப் பூக்களை வாடியவுடன் அகற்றிவிடலாம். காய் பழுப்பேறி நுனியில் வெடிக்கத் தொடங்கும் சமயம், ஈரமில்லாத நாளில் அதனைக் கொய்து காகித உறையில் உலர்த்த வேண்டும். கிடைத்த வித்தில் ஒரு பாதியை உடனே விதைத்து, மறு பாதியை அடுத்த பிப்ரவரிக்கு வைத்துக்கொண்டால், ஒன்று தவறினும் மற்றொன்று கைகொடுக்கும்.

வித்தை நம்புவதைவிட நாற்றுப் பண்ணையில் செடியாக வாங்குவதே மேல் என்று வாதிப்போரும் உளர். பெரிய நீலப் பூக்களைத் தரும் கலப்பு வகைகளுட் பல வித்துப் பிடிப்பதில்லை. அவற்றைத் தூர் பிரித்தே பெருக்க வேண்டும் என்பது உண்மையே. பல இனங்கள் அருகருகே நின்றால் கலப்பு ஏற்பட்டு, வித்தின் குணம் மாறுவதும் உண்மையே. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய இரண்டொரு தூர்கள் ஒரு வறண்ட கோடையில் மடிந்தால் தோட்டக்காரரிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கையில் வித்துள்ளவரோ மறு வருஷமே மீண்டும் தொடங்கலாம். இங்கிலாந்தின் வடமேற்கே கெஸ்விக் நகரின் அருகிலுள்ள தோட்டத்தின் பெயரைக் கொண்ட "லிங்ஹோம்" என்னும் கலப்பு வகை வித்துப் பிடிக்கும் தன்மையுடையது. அது இன்று பரவலாகக் காணப்படுவதற்கும் அத்தன்மையே காரணம். ஓர் இனத்தை மட்டும் வளர்த்து, அதன் வித்தை அயலாருடன் பகிர்ந்துகொள்வோர் கலப்பென்னும் குறையையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

தோட்ட வித்தைப் பெருக்குவதில் வேறொரு நன்மையும் உண்டு. நீலப் பாப்பி இனங்கள் சிலவற்றைத் திபேத்திய வைத்தியர்கள் "உத்பல்" என்ற பெயரால் மருந்துக்கு வழங்குகின்றனர். நீலோற்பலம் என்று தமிழில் வழங்கும் குவளையின் வடமொழிப் பெயரே மலை கடந்து சென்று இம்மலருக்கு ஆயிற்று. ஒரே முறை பூத்து மாளும் இனங்களைப் பூவோடு பிடுங்கினால், அவ்விடத்தில் சந்ததி எஞ்சாது. மலையின் செல்வம் மலையிலேயே இருத்தல் வேண்டும். தோட்டத்தின் தேவையைத் தோட்டத்து வித்தே நிறைவேற்றுதல் வேண்டும்.

வெப்பமான இரவுகள் நீடிக்கும் இடங்களில் இச்செடியை முயல்வது வீண் செலவே. அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவிலுள்ள லாங்வுட் தோட்டத்தார் குளிரூட்டி வளர்த்த செடிகளைக் கண்ணாடி மாளிகையில் வைத்துச் சில வாரங்கள் மட்டும் பூக்கச் செய்கின்றனர். அது பெரிய ஸ்தாபனத்திற்கு இயலும். வீட்டுத் தோட்டத்திற்கு ஆகாது. ஏற்ற குளிர்ச்சியும் ஈரமும் வாய்த்த இடத்தில் உள்ளவர்களோ, சென்ற வருஷத் தோல்வியை எண்ணித் தயங்க வேண்டுவதில்லை. புதிய வித்து, குளிர்ந்த நிழல், பொறுமை ஆகிய மூன்றும் கூடினால் மூன்றாம் வருஷத்திற்குள் பூவைக் காணலாம். அப்பூக்களுள் ஒன்றைக் காயாக முற்ற விடுபவருக்கே நான்காம் வருஷமும் அது உரியதாகும்.