கோயில்காட்டைக் கேட்டு நடுங்கள்

நகரங்களில் இப்போது எங்கே பார்த்தாலும் 'மியாவாக்கி காடு' பேச்சுதான். பூங்காவில் ஒரு மூலை கிடைத்தால் போதும், நெருக்கி நட்டு, வேலி போட்டு, 'இத்தனை ஆயிரம் மரங்கள்' என்று பலகை வெச்சிடறாங்க. சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் இதைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். வெயிலில் வேகிற ஊருக்கு நிழல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலகையில் எழுத வேண்டிய கணக்கு வேறு என்கிறேன்.

இந்த முறையைக் கொடுத்த ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, பாடம் படித்தது அவர் நாட்டு ஷிண்டோ கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்டிருந்த பழைய தோப்புகளில். அந்த மண்ணுக்கு எந்த மரம் சொந்தம் என்று அங்கே பார்த்துதான் கன்றுகளைத் தேர்ந்தார். நம்ம ஆட்கள் பலர் எடுத்துக்கொண்டதோ, சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்று என்கிற எண்ணிக்கையை மட்டும்.

நம்மிடமும் கோயில்காடு இருக்கிறதே! கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கோயில்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். வானுயர்ந்த மரங்கள் அதிகம் இருக்காது. வீரை, காசான், உலக்கைப்பாலை, நாவல் எல்லாம் வருஷம் முழுக்கப் பச்சையாக, குட்டையாக, அடர்ந்து நிற்கும். அடியில் களா, காரை, சூரை என்று முள்ளுப்புதர். தரையில் மக்கின சருகு. மூணு மாசம் மழை, மீதி மாசமெல்லாம் காய்ச்சல் என்ற நம் பருவத்துக்குப் பழகிய கூட்டம் அது. செம்போத்துக்கும் கீரிக்கும் புதர் வேண்டும். சின்னானுக்குப் பழம் வேண்டும். ஓணானுக்குச் சருகில் ஓடும் பூச்சி வேண்டும். கறிவேப்பிலை, நாரத்தை இருந்தால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும்; வெயில்படும் ஓரத்தில் எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். மரத்தை மட்டும் நட்டு, புதரை வெட்டி, சருகைக் கூட்டி எரித்தால் இதில் எது தங்கும்? மூடாக்கின் அருமை நமக்குத் தெரியும்; நகராட்சிக்கு யார் சொல்வது?

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது குல்மொகரும் தூங்குமூஞ்சியும் தெருத்தெருவாய்ச் சாய்ந்து கிடந்ததைச் சென்னையே பார்த்தது. அழகுக்கும் அவசரத்துக்கும் வெளிநாட்டு மரத்தை நடும் பழக்கம் அதற்கப்புறமும் முழுசாக விடவில்லை.

இன்னொன்று. சதுப்பு நிலமும் புல்வெளியும் வெறும் இடமல்ல. அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களை விரட்டிக் காடு வளர்க்கக் கூடாது.

இதில் உழவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வீரைக் கன்றும் காசான் கன்றும் எல்லா நர்சரியிலும் கிடைக்காது. விதை இருப்பது நம்ம ஊர் உயிர்வேலியிலும் கோயில்காட்டிலும்தான். உயிர்வேலி போய்க் கம்பிவேலி வர வர, அந்த விதையும் போகிறது. அதற்குள் ஒவ்வொரு உழவர் குழுவும் உள்ளூர் விதை பொறுக்கி ஒரு சின்ன நாற்றங்கால் போட வேண்டும். பக்கத்து நகராட்சிக்கு நியாயமான விலையில் கன்று கொடுக்கலாம், வருமானமும் வரும். கொடுக்கும்போதே கேளுங்கள்: பலகையில் நட்ட எண்ணிக்கை வேண்டாம், அஞ்சு வருஷம் கழித்து நிற்கிற எண்ணிக்கையையும் வந்து சேர்ந்த பறவை, பூச்சிகளின் பெயரையும் எழுதுங்கள் என்று.