சத்தியமும் சங்குக்கோலும்

சித்தூருக்கு அருகில் உள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில் சத்தியத்துக்குப் பெயர்பெற்றது. கொடுக்கல் வாங்கல், களவுப் பழி, குடியை விடுவதாகச் சொல்லும் உறுதிமொழி எனப் பேசித் தீராதவை பல அங்கே வந்து சேர்கின்றன. குளத்தில் நீராடிச் சன்னதியில் நின்று சொன்ன சொல்லை ஊர் ஏற்றுக்கொள்கிறது. இந்த வழக்கம் சொல்பவரின் நேர்மையைச் சோதிக்கிறது. அவருடைய நினைவு எவ்வளவு துல்லியமானது என்பதைச் சோதிக்கும் வழி அதில் இல்லை.

இந்த வேறுபாடு கோயிலுக்கு வெளியிலும் பொருந்தும். “முன்பெல்லாம் சூரியன் இங்கே உதிக்கும், இப்போது அங்கே உதிக்கிறது, பூமியின் அச்சே சாய்ந்துவிட்டது” என்ற பேச்சு கற்றவர்களிடமும் கல்லாதவர்களிடமும் காதில் விழுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வரசித்தி விநாயகர் முன்னிலையிலும் தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆயினும் கூற்று தவறானது. அது ஏன் தவறு என்பதைவிட, நேர்மையான ஒருவரிடமிருந்து அது எப்படிப் பிறக்கிறது என்பதே ஆராயத் தக்கது.

முதலில் அந்த வாக்கியத்தைப் பார்க்கலாம். கேள்விச் செய்தியைத் தனியே குறிக்கும் வசதி தமிழுக்கு உண்டு. ‘வருகிறார்’ என்பது வேறு, ‘வருகிறாராம்’ என்பது வேறு. காணிப்பாக்கத்தில் தமிழோடு கலந்து புழங்கும் தெலுங்கும் ‘அண்ட’ என்ற சொல்லால் இதைச் செய்கிறது. பிறர் சொன்னது எது என்பதை இரு மொழிகளும் விழிப்பாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் கண்ணால் கண்டதையும் நினைவிலிருந்து ஊகித்ததையும் பிரிக்க அத்தகைய கட்டாய உருபு எதுவும் இல்லை. ‘மாறிவிட்டது’ என்னும்போது ‘விடு’ என்ற துணைவினை மாற்றத்தை முடிந்த நிகழ்வாக்கி விடுகிறது. உண்மையில் அந்தச் சொல்லுக்குள் இன்றைய காட்சி, நாற்பது ஆண்டுக்கு முந்தைய நினைவு, இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த முடிவு என மூன்று இருக்கின்றன. கேட்பவருக்கு மூன்றும் ஒரே சாட்சியமாகவே போய்ச் சேர்கின்றன.

இனி வானத்துக்கு வரலாம். காணிப்பாக்கம் வட அட்சம் ஏறத்தாழ 13.3 பாகையில் உள்ளது. அங்கே ஜூன் 21 அளவில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பர் 21 அளவில் அதே 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆக, உதயப் புள்ளி ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஐந்து முட்டி தூரம் நகர்கிறது. மார்கழி விடியலில் கோலமிடும்போது பார்த்த சூரியனைச் சிறுவயது நினைவாக வைத்திருப்பவர், ஐம்பது வயதில் ஆனி மாத விடியலில் மொட்டைமாடிக்கு ஏறினால் திகைப்பதில் வியப்பில்லை.

நண்பகல் இன்னும் வியப்பானது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் காணிப்பாக்கத்தின் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் உயரக் கோலுக்கு ஜூன் 21 அன்று தெற்கே 18 செ.மீ. நிழல், டிசம்பர் 21 அன்று வடக்கே 75 செ.மீ. நிழல். சூரியன் எப்போதும் சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கும் என்று பாடப்புத்தகப் படத்திலிருந்து மனத்தில் பதித்துக்கொண்டவர், வடக்குச் சன்னலில் வெயில் விழுவதைக் கண்டதும் பூமியைச் சந்தேகிக்கிறார். கைப்பேசித் திசைகாட்டி அந்தச் சந்தேகத்துக்குத் துணைபோகிறது. கூரையின் இரும்புக் கம்பி அருகில் இருந்தாலே அதன் முள் பல பாகை பிசகும் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அச்சின் சாய்வு மாறுவதே இல்லையா? மாறுகிறது. இப்போது அது 23.44 பாகை. ஏறத்தாழ 41,000 ஆண்டுச் சுழற்சியில் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே ஊசலாடுகிறது, இன்று குறைந்துகொண்டிருக்கிறது. குறையும் வேகம் நூறாண்டுக்கு 47 விகலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அறுபது ஆண்டு வாழ்ந்த ஒருவருடைய காலத்தில் நிகழ்ந்த மாற்றம் 28 விகலை, அதாவது சூரிய வட்டத்தின் அகலத்தில் 70இல் ஒரு பங்கு. எந்தக் கண்ணும் இதைக் காணாது. ஆரியபடர் முதலான இந்திய வானியலார் இச்சாய்வை 24 பாகை என்று கொண்டனர். அவர் காலத்து உண்மை மதிப்பு 23.6 பாகையை ஒட்டியிருந்தது. கோலும் நிழலும் கொண்டு இவ்வளவு நெருங்கி வந்திருப்பதே பெரிது.

சாய்வு உண்மையில் கூடியிருந்தால் அது இரு பக்கமும் தெரிய வேண்டும். ஜூனில் சூரியன் எவ்வளவு அதிகமாக வடக்கே போகிறதோ அவ்வளவு அதிகமாக டிசம்பரில் தெற்கே போக வேண்டும். வடக்கே போய்விட்டது என்பவர்கள் தெற்கைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டு மாடிகளில் உள்ள தொலைக்காட்சிக் கிண்ணங்களும் சாட்சி சொல்லும். அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களை நோக்கிப் பூட்டப்பட்டவை. அச்சு திடீரென ஐந்து பாகை சாய்ந்திருந்தால், அந்தக் கோள்கள் நாள்தோறும் மேலும் கீழும் ஊசலாடுவதாகத் தோன்றி ஊர் முழுவதும் படம் அறுந்திருக்கும். சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியோ ஒரு பாகையின் சிறு பின்னத்தைக்கூடப் பொறுக்காது.

இத்தகைய கூற்றுகள் அனைத்தையும் தள்ளிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் முதியோர் இதையே சொன்னார்கள். சக்கரியாஸ் குனுக்கும் இயன் மவுரோவும் எடுத்து 2010இல் வெளியான ஆவணப்படத்தில், சூரியன் மறையும் இடம் மாறியிருக்கிறது, பூமி சாய்ந்திருக்கிறது என்று அவர்கள் சாட்சி கூறினர். அச்சு சாயவில்லை. ஆனால் அவர்களுடைய கண்டறிதலை அறிவியலார் புறக்கணிக்கவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் நின்று, ஒரே மலைமுகட்டை அடையாளமாக வைத்து வேட்டைக்காரர்கள் கண்டது அது. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று அடுக்காகப் படியும்போது ஒளி கூடுதலாக வளைகிறது. துருவத்தின் அருகே சூரியன் தொடுவானத்தை ஒட்டியே சாய்ந்து செல்வதால், சிறிய வளைவும் அது மறையும் இடத்தை வெகுதூரம் நகர்த்திக் காட்டும். வெப்பமாகும் வடதுருவத்தில் காற்றின் இயல்பு மாறியதே காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் அப்படி எழுந்தது. காணிப்பாக்கத்தில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுகிறது. ஒளி வளைவு முழுவதையும் சேர்த்தாலே உதயப் புள்ளி 8 கலை அளவுக்குத்தான் தள்ளும். அதில் ஏற்படும் ஏற்றத்தாழ்வு அதைவிடச் சிறியது. ஆகவே இனுயிட்டுக்குப் பொருந்தும் விளக்கத்தைச் சித்தூருக்குக் கடன் வாங்க இயலாது.

சாட்சியத்துக்கு நாகலாபுரத்தையும் காட்டுவதுண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்து இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ள ஊர் அது. அங்கே மேற்கு நோக்கிய வேதநாராயணர் கோயிலில், மார்ச் கடைசி வாரத்தில் மாலைக் கதிர் கோபுரத்தைக் கடந்து கருவறைக்குள் சென்று, ஒருநாள் பாதத்திலும் மறுநாள் நாபியிலும் அதற்கடுத்த நாள் முடியிலும் விழுவதாகச் சூரிய பூசை நடக்கிறது. கதிர் ஒருநாள் முன்னதாகவோ பின்னதாகவோ விழுந்தால் அச்சு மாறியது என்று சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சூரியன் பயணத்தின் விளிம்பில் நிற்கும் ஜூனிலும் டிசம்பரிலும்தான் சாய்வின் மாற்றம் முழுமையாகத் தெரியும். மார்ச் இறுதியில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். நூறாண்டில் சில விகலைதான். மாறாக, அந்நாள்களில் சூரியன் ஒரே நாளில் 0.4 பாகை வடக்கே நகர்கிறது. 365 நாளைத் தாண்டிய கால்நாள் மிச்சம் சேர்ந்து நான்கு ஆண்டுக்கொருமுறை நாள்காட்டியில் சரிசெய்யப்படுவதால், ஒரே தேதிக்குரிய கதிர் ஆண்டுக்கு ஆண்டு சற்றே பிசகும். பிசகு நாள்காட்டியினுடையது.

சொற்குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புவதாகச் சொல்வது மரபு; கண்ணால் பார்த்தால் டிசம்பர் 21லேயே திரும்பியிருக்கிறது. இந்த இடைவெளி அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் வந்தது. அதனால் விண்மீன்களை ஒட்டிய கணக்கு 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகுகிறது; சாய்வின் அளவில் அதற்குப் பங்கில்லை. 2023இல் வந்த ஆய்வொன்று, 1993 முதல் 2010 வரை உலகெங்கும் உறிஞ்சப்பட்ட ஏறத்தாழ 2,15,000 கோடி டன் நிலத்தடி நீரின் விளைவாகத் துருவம் சுமார் 80 செ.மீ. நகர்ந்ததாகக் கணக்கிட்டது. அச்சு தரையைத் துளைத்து வெளிவரும் புள்ளியின் நகர்வு அது. கோணத்தில் சொன்னால் ஒரு விகலையின் 40இல் ஒரு பங்குக்கு அருகில். ‘பூமியின் அச்சு சாய்ந்தது’ என்ற தலைப்பில் செய்தி பரவியதும் இந்த மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் சித்தூர்ச் சீமையில், கிணற்றிலேயே எழுந்தருளியிருப்பதாகப் போற்றப்படும் விநாயகரின் ஊரில், கிணற்றைப் பற்றிய செய்தி சூரியனைப் பற்றிய செய்தியாகத் திரிந்தது வருத்தத்துக்குரியது.

அந்த விநாயகர் வளர்கிறார் என்பது அவ்வூர் நம்பிக்கை. அதற்கு அடியார்கள் காட்டும் சான்று, பல ஆண்டுக்கு முன் அளவெடுத்துச் செய்யப்பட்டு இன்று பொருந்தாத வெள்ளிக் கவசம். நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் பாடு. ஆயினும் அன்றைய அளவைச் சுமக்கும் பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் பேசுகிறார்கள். சூரியன் மாறியது என்பவர்களிடம் அத்தகைய கவசம் எதுவும் இல்லை.

செய்துகொள்வது கடினமில்லை. நெடுநல்வாடையில் அரண்மனை வகுப்போர் இரு கோல்களின் நிழலால் திசை குறிக்கிறார்கள். சிற்பிகள் சங்குத்தாபனம் என்று இதை இன்றும் செய்கிறார்கள். சமதளத்தில் கோலை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலை நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் கோட்டால் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைக்கும். மாடித் தரையில் அந்தக் கோட்டை அழியாத சுண்ணத்தால் வரைந்து, டிசம்பர் 21, ஜூன் 21 இரு நாள்களிலும் நண்பகல் நிழல்நுனியைக் குறித்து ஆண்டையும் எழுதி வைக்கலாம். ஒரு மீட்டர்க் கோலின் டிசம்பர் நிழல் சாய்வு மாற்றத்தால் நூறாண்டில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. கோல் பத்து மீட்டராக இருந்தால் மூன்றரை மில்லிமீட்டர் குறையும். ஆனால் அந்த உயரத்துக்கு நிழல்நுனியின் மங்கலே பல சென்டிமீட்டர் அகலம் இருக்கும்.